மகளுக்கு இரண்டு பல் இல்லை: யப்பான் மருந்துக்குக் காத்திருக்கலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. மேலே நடுவில் வரும் பெரிய வெட்டும் பற்கள் இரண்டும் வந்துவிட்டன. அவற்றுக்கு இரு பக்கமும் வரவேண்டிய சின்ன வெட்டும் பற்கள் வரவில்லை. அந்த இடத்தில் பாற்பல் இரண்டும் ஆடாமல் நிற்கின்றன. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே நிரந்தரப் பல்லின் கருவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். யப்பானில் பல் முளைக்க வைக்கும் மருந்து வந்துவிட்டதாமே, அதற்குக் காத்திருக்கலாமா? கர்ப்பகாலத்தில் தான் செய்த ஏதும் பிழையா, இல்லையென்றால் கணவரின் வேலை காரணமாக அம்பாறை உள்பகுதியில் மூன்று வருடம் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் குடித்ததால் வந்ததா? விழுகிற பாற்பல்லை ஸ்டெம் செல் வங்கியில் வைக்கச் சொல்லி ஒரு உறவினர் வற்புறுத்துகிறார், வைக்கலாமா? இவைதான் அவரது கேள்விகள்.

தங்கச்சி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறட்டும். உங்கள் பிழை இல்லை. தண்ணீரின் பிழையும் இல்லை. வங்கிக்குக் காசு கட்ட வேண்டாம். யப்பான் மருந்து பொய்ச் செய்தி இல்லை, ஆனால் அதை நம்பி மகளின் வாயைக் காத்திருக்க விடவும் வேண்டாம். இப்போதைக்கு அவசரம், நிற்கிற அந்தப் பாற்பல் இரண்டையும் பத்திரமாக வைத்திருப்பது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பல் எப்படி உருவாகிறது என்ற கதைக்குள் கொஞ்சம் போகவேண்டும். ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

எனக்கு முதல் பல் விழுந்தபோது கல்லடியில் அம்மம்மா வீட்டில் இருந்தேன். பல்லை என் உள்ளங்கையில் வைத்து, முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "கூரையில எறி புள்ள, அணிலுக்குக் குடு. மறுகா அது தன்ட பல்லத் தரும்" என்றா. எறிந்தேன். அது ஓட்டில் பட்டு, பீலியில் விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பிறகு பேராதனையில் பல் மருத்துவம் படித்து, மேற்படிப்புக்கு வெளிநாடு போய், இரண்டு வருடம் எலி முளையங்களின் தாடையோடு மல்லுக்கட்டியபோதுதான் அம்மம்மா சரியான விலாசத்துக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறா என்று விளங்கியது. அணில், எலி, முயல் இவற்றின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்கிற அளவுக்குக் கீழிருந்து புதிதாக வரும். பல்லின் அடி நுனியில் குருத்துக் கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், குடியிருக்கிற ஒரு சின்ன மடிப்பு உண்டு. அது ஓய்வதே இல்லை. நமக்கோ பல்லின் முடிப்பகுதி, அதாவது முரசுக்கு வெளியே தெரியும் பகுதி, உருவாகி முடிந்ததும் அந்த மடிப்பு வேரை உருவாக்கும் வேலைக்கு மாறி, அதுவும் முடிய, கலைந்துவிடுகிறது. உலகத்தில் பல் வளர்ச்சியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எலியின் வாயிலிருந்து வந்ததுதான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எலியின் முன்பல்லில் ஓயாத வளர்ச்சியையும், அதே எலியின் கடைவாய்ப் பல்லில் நம்முடையது போன்ற வளர்ச்சியையும் பார்க்கலாம்.

சரி, பல் எப்போது பிறக்கிறது? ஆறாம் ஏழாம் மாதத்தில் கீழ் முரசில் வெள்ளை எட்டிப்பார்த்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவித்து, அதில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி, பிள்ளையின் தலையில் கொட்டுகிறோம். உண்மையில் அன்றைக்கு அந்தப் பல்லுக்கு ஒரு வயதுக்கு மேல். கருத்தரித்து ஆறாவது வாரமளவில், தாய்க்கே வயிற்றில் இருப்பது உறுதியாகத் தெரியாத நாட்களில், முளையத்தின் வாய்க்குள் மேலும் கீழும் லாட வடிவில் ஒரு தடிப்பு எழும்புகிறது. அந்த வரம்பிலிருந்து ஆங்காங்கே மொட்டுகள் கீழிறங்கும். மொட்டு தொப்பியாகும், தொப்பி மணியாகும். இவை நான் வைத்த பெயர்கள் அல்ல. பாடப்புத்தகத்திலேயே இந்தக் கட்டங்களுக்கு மொட்டு, தொப்பி, மணி என்றுதான் பெயர். பிள்ளை பிறக்கும்போது இருபது பாற்பற்களும் முரசுக்குள் பாதி இறுகிய நிலையில் காத்திருக்கும். ஆறு வயதில் வரப்போகும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் நுனிகூடப் பிறப்பை ஒட்டியே இறுகத் தொடங்கியிருக்கும்.

மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று சொல்வார்களே, அதையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். வழக்கமாகக் கீழ் நடுப்பல் முந்தும். சில பிள்ளைகளுக்கு மேல்பல் முந்தும். மாமனுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். பல்லை ஒரு இழையம் தனியாகச் செய்வதில்லை. இரண்டு இழையங்கள் பேசிப் பேசிச் செய்கின்றன. ஒன்று வாயின் மேல்தோல் படை. மற்றது அதற்கு அடியில் கிடக்கும் நெகிழ்வான இழையம். இந்த அடியிழையத்தின் கலங்கள் அங்கேயே பிறந்தவை அல்ல. மூளையும் முண்ணாணும் உருவாகும் மடிப்பின் முகட்டிலிருந்து புறப்பட்டு, முகம் வரை நடந்து வந்தவை. பல்லுக்கு வெளியே இருக்கும் எனாமல், அதாவது பள்ளிப் புத்தகத்தின் மிளிரி, மேல்தோல் படையின் வேலை. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற கடினப் படையும், நடுவில் உள்ள கூழும், வேரைப் பிடித்திருக்கும் நார்களும் முகட்டிலிருந்து நடந்து வந்தவர்களின் வேலை.

இதை நான் புத்தகத்தில் வாசித்தது வேறு, கையால் செய்து பார்த்தது வேறு. பதினான்கு நாள் எலி முளையத்தின் கீழ்த்தாடையை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, கடைவாய்ப் பல்லின் கருவை ஊசியால் பிரித்து எடுப்போம். ரவையில் ஒரு மணி அளவு இருக்கும். அதை ஒரு நொதியக் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் இரண்டு படைகளும் ஒட்டு விடும். ஊறவைத்த பயறை விரலால் நசுக்கினால் தோல் கழன்று வருமே, அப்படித்தான் மேல்படை கழன்று வரும். ஊசி நுனி கொஞ்சம் கூட அழுந்தினால் அடியிழையம் கலைந்து குழம்பாகிவிடும். முதல் மாதம் முழுக்க எனக்குக் குழம்புதான்.

அப்படிப் பிரித்ததை ஏன் பிரிக்கிறோம்? மாற்றி ஒட்டிப் பார்க்கத்தான். 1969, 1970 ஆம் ஆண்டுகளில் கொலர், பேர்ட் என்ற இருவர் எலியின் முன்பல் கருவையும் கடைவாய்ப் பல் கருவையும் இப்படிப் பிரித்து, ஒன்றின் தோலை மற்றதன் அடியிழையத்தோடு சேர்த்து வளர்த்தார்கள். கடைவாய்ப் பல்லின் அடியிழையத்தோடு முன்பல்லின் தோலைச் சேர்த்தால் வந்தது கடைவாய்ப் பல். மாற்றிச் சேர்த்தால் முன்பல். காலின் தோலைக் கொண்டுவந்து பல்லின் அடியிழையத்தோடு சேர்த்தபோதுகூடப் பல் வந்தது. அப்படியென்றால் உத்தரவு போடுவது அடியிழையம்தானே? அங்கேதான் ஒரு திருப்பம். 1980களின் பின்பகுதியில் இன்னும் இளைய முளையங்களை எடுத்துச் செய்து பார்த்தபோது கதை தலைகீழானது. எலியில் ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாளுக்கு முன்னர், பல்லைத் தொடங்கிவைக்கும் ஆற்றல் மேல்தோலிடம் இருக்கிறது. பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்து அடியிழையத்தைக்கூட அது பல் செய்ய வைத்துவிடும். அதற்குப் பிறகு ஆற்றல் கைமாறி அடியிழையத்திடம் போய்விடும். கலியாணப் பேச்சு மாதிரி. பெண் வீட்டார் தொடக்கி வைப்பார்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிப்பார்கள்.

இந்தப் பேச்சின் சொற்கள் புரதங்கள். மொட்டு தொப்பியாகும் நேரத்தில், தோல் படையின் நடுவே ஒரு சின்னக் கலக்கூட்டம் முடிச்சுப் போல் திரளும். ஹெல்சிங்கியில் இர்மா தெஸ்லெப், யூக்கா யெர்ன்வால் முதலியோர் 1994இல் இந்த முடிச்சைத் துருவிப் பார்த்தார்கள். சுற்றியுள்ள கலங்கள் எல்லாம் வேகமாகப் பிரிந்து பெருக, முடிச்சுக்குள் இருப்பவை மட்டும் பிரியாமல் நின்று, பக்கத்தில் உள்ளவர்களுக்கு 'வளருங்கள்' என்று புரதச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. பல்லின் மேட்டுக்கு ஒரு முடிச்சு. கடைவாய்ப் பல்லில் எத்தனை மேடோ அத்தனை முடிச்சு. வேலை முடிந்ததும் அந்தக் கலங்கள் தாமாகவே செத்துப்போகின்றன. ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கோழிக்குப் பல்லில்லை, ஆனால் அதன் மூதாதைக்கு இருந்தது. பறவைகள் பல்லைத் தொலைத்து ஏறத்தாழப் பத்துக் கோடி வருடம் ஆகிறது. 2006இல் ஒரு விகாரக் கோழிக்குஞ்சின் முளையத்தில், முதலைக்கு வருவது போன்ற கூம்பு வடிவப் பல் முளைகளைக் கண்டார்கள். எனாமல் செய்யும் பரம்பரையலகுகள் கோழியில் கெட்டுப்போய்விட்டன, ஆகவே உண்மையான பல் வராது. ஆனால் தொடக்கப் பேச்சு இன்னும் அழியவில்லை. உங்கள் மகளுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு இடத்திலும் பேச்சு தொடங்காமலோ, தொடங்கி நடுவில் அறுந்தோ போயிருக்கிறது.

ஏன் அறுந்தது? பெரும்பாலும் பரம்பரையலகில் இருக்கும் சிறு மாற்றம். 1996இல் எம்எஸ்எக்ஸ்1, 2000இல் பாக்ஸ்9 என்ற இரண்டு பரம்பரையலகுகளைப் பல் குறைந்த குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பட்டியல் நீண்டுவிட்டது. ஞானப் பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு ஒரு நிரந்தரப் பல்லாவது பிறவியிலேயே இருக்காது. காணாமல் போவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. வெட்டும் பற்களில் இரண்டாவது, முன்கடைவாய்ப் பற்களில் இரண்டாவது, கடைவாய்ப் பற்களில் மூன்றாவது என்று ஒவ்வொரு வரிசையிலும் கடைசியில் நிற்பதுதான் அதிகம் விடுபடும். பந்தியில் கடைசி இலைக்கு வடை வராமல் போவது போல. உங்கள் பக்கத்திலோ கணவர் பக்கத்திலோ யாருக்காவது அந்தச் சின்ன வெட்டும் பல் இல்லையா, அல்லது ஆணி நுனி போலக் கூம்பாக இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கூம்புப் பல்லும் இல்லாத பல்லும் ஒரே குடும்பத்தில் அடிக்கடி சேர்ந்து வரும். என் அனுபவத்தில், "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல" என்று சொல்கிற தகப்பனைச் சிரிக்கச் சொன்னால் பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும், உங்களுக்கு அல்ல, வாசிக்கிற மற்றவர்களுக்கு. ஒன்று இரண்டு அல்ல, நிறையப் பற்கள் இல்லை, தலைமுடி மெல்லியதாக அங்குமிங்கும் இருக்கிறது, வெயிலில் பிள்ளைக்கு வியர்ப்பதே இல்லை, காரணமில்லாமல் உடம்பு சுடுகிறது என்றால் அது வேறு விஷயம். பல், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாம் அதே தோல் படை அடியிழையத்தோடு பேசி உருவாகிறவை. அந்தப் பேச்சில் ஈடிஏ என்ற ஒரு புரதம் இல்லாவிட்டால் மூன்றும் சேர்ந்து குறையும். டார்வினே 1875இல் சிந்துப் பகுதி இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு, மேலும் கீழும் சேர்த்து நான்கே முன்பற்களும் எட்டுப் பின்பற்களும். அந்தப் பரம்பரையலகை 1996இல் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அடையாளம் கண்டார்கள். 2018இல் ஜெர்மனியின் ஏர்லாங்கனில், வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீருக்குள் அந்தப் புரதத்தைச் செலுத்தி, பிறந்த பிள்ளைகளுக்கு வியர்க்க வைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் வியர்க்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பல் வைத்தியரிடம் மட்டும் காட்டினால் போதாது, குழந்தை நல வைத்தியரிடமும் காட்டுங்கள்.

தண்ணீர் விஷயம். கரையோர மணற்கிணறுகளை விட, அம்பாறை உள்பகுதியின் கடினப் பாறைக்குள் இறக்கிய குழாய்க்கிணறுகளில் புளோரைட்டு கூடுதலாக இருக்கிற இடங்கள் உண்டு. பாறையின் கனிமங்களிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. வெயில் நாட்டில் ஆட்கள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதால் நமக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் கூடிய புளோரைட்டு பல்லை இல்லாமல் ஆக்காது. எனாமல் செய்யும் கலங்களின் வேலையைக் கெடுத்து, பல்லில் வெள்ளைத் திட்டும், மோசமானால் பழுப்புக் கறையும் போடும். முன்பற்களின் முடிப்பகுதி நான்கு ஐந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு குடித்த தண்ணீர் அந்தப் பற்களில் கறை போடாது. பல் முளைத்து வெளியே வரும்போது எனாமல் செய்த கலங்களும் உதிர்ந்துபோய்விடும். அதனால்தான் எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனிமம், உயிர் அதில் ஒன்றுமில்லை. உங்கள் மகளின் மற்றப் பற்களில் திட்டு இருந்தால் தண்ணீரைக் குறை சொல்லலாம். இல்லாத பல்லுக்குத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது.

கர்ப்பகாலத்தில் நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாததோ, கிரகணம் பார்த்ததோ இரண்டு பக்கமும் ஒரே பல்லை மட்டும் அளந்து எடுத்துவிடாது. உங்கள் மாமி ஏதும் சொன்னால் இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள்.

இனி யப்பான். கியோத்தோவில் தக்கஹாஷி கற்சு என்ற வாய் அறுவைச் சிகிச்சை நிபுணரின் குழு, யூசாக்-1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தப் புரதம் ஒரு பிரேக். பல் முளைக்கச் சொல்லும் செய்திகளை அமுக்கி வைப்பதுதான் இதன் வேலை. இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குக் கூடுதல் பற்கள் முளைத்ததை 2007இல் எழுதினார்கள். அப்படியென்றால் பிரேக்கைத் தளர்த்தினால் நின்றுபோன பல் நகருமா? 2021இல் வந்த ஆய்வில், யூசாக்-1ஐக் கட்டிப்போடும் ஒரு பிறபொருளெதிரியை, ஈடிஏ குறைபாட்டால் பல் குறைந்த எலிகளுக்கு ஒருமுறை கொடுத்தபோதே பல் வளர்ந்தது. நம்மைப் போலப் பாற்பல், நிரந்தரப் பல் என்று இரண்டு தொகுதி உள்ள பெரெட் என்ற கீரி போன்ற விலங்கிலும் கூடுதல் பல் முளைத்தது. 2024இல் கியோத்தோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் மனிதப் பரிசோதனை தொடங்கியது. அதில் சேர்த்தவர்கள் 30 ஆண்கள், வயது 30 முதல் 64 வரை. அதன் முதல் நோக்கம், மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பது. அடுத்ததாக, பிறவியிலேயே குறைந்தது நான்கு பற்களாவது குறைவாக உள்ள சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவர்களின் திட்டம். 2030 அளவில் மருந்தாக வெளியே கொண்டுவருவது அவர்கள் தாங்களே சொல்லியிருக்கும் இலக்கு.

இந்த எண்களை உங்கள் மகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளுக்கு இல்லாதவை இரண்டு பற்கள். முதலில் கவனிக்கப்படப்போவது குறைந்தது நான்கு பற்களாவது குறைந்தவர்கள். திட்டம் சொல்லும் வயது இரண்டு முதல் ஏழு, அவளுக்கு ஒன்பது. எல்லாம் சரியாக நடந்து, விலையும் இறங்கி, நம் நாட்டுக்கு வந்து சேரும்போது அவள் கம்பஸ் முடித்திருப்பாள். தவிர, பிரேக்கைத் தளர்த்துவதால் ஓட வேண்டுமானால் வண்டி ஒன்று இருக்க வேண்டும். முரசுக்குள் ஏதாவது ஒரு கருத்துணுக்கு மிச்சம் இருந்தால்தான் அது நகரும். முளைத்தாலும் அது வெட்டும் பல் வடிவத்தில், சரியான இடத்தில், சரியான பக்கம் பார்த்து வருமா என்பது தனிக் கேள்வி. இந்த வழியில் நம்பிக்கை இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நம்பிக்கை வேறு, காத்திருப்பு வேறு.

இப்போது வெளியே யாரும் பேசாத பகுதிக்கு வருகிறேன்: பல்லைத் தாங்குகிற இழையங்கள். பல் எலும்புக்குள் ஆணி அடித்தது போல இறுகி நிற்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவர் போல, ஆயிரமாயிரம் நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் இடைவெளி. அதற்குள் அந்த நார்ப்படை. ஒரு முனை வேரின் மேல் பூசிய சிமெந்துப் படையிலும் மறு முனை தாடையெலும்பிலும் புதைந்திருக்கும். பல்லின் கருவைச் சுற்றி ஒரு பை இருக்கும். வேர் வளரத் தொடங்கும்போது அந்தப் பையே சிமெந்துப் படை, நார்கள், பல்லைச் சுற்றிய எலும்பு என மூன்றையும் செய்கிறது. அதாவது பல் தனக்கு வேண்டிய வீட்டையும் தானே கட்டிக்கொண்டு வருகிறது. பல் இல்லாத இடத்தில் அந்த எலும்பும் சரியாக எழும்பாது.

இந்த நார்ப்படை எவ்வளவு பெறுமதியானது என்று ஒரு சம்பவத்தில் காட்டுகிறேன். சில வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், சைக்கிளில் விழுந்த பத்து வயதுப் பையனைத் தகப்பன் கொண்டுவந்தார். மேல் முன்பல் வேரோடு கழன்றுவிட்டது. சேட்டுப் பொக்கற்றிலிருந்து, டிஷ்யூவில் சுற்றிய பல்லை எடுத்தார். பளபளவென்று இருந்தது. மணல் ஒட்டியிருந்ததாம், சவர்க்காரம் போட்டு, பழைய பிரஷால் வேரை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, முக்கால் மணித்தியாலம் காயவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார். பாவம், பிள்ளை மீதுள்ள அன்பில் செய்தது. ஆனால் அவர் தேய்த்தது அழுக்கை அல்ல, வேரில் ஒட்டியிருந்த நார்க்கலங்களை. திருப்பி வைத்தோம், நின்றது. ஆனால் நார் இல்லாத வேரை எலும்பு தன் எலும்பென்றே நினைத்து மெல்லத் தின்னத் தொடங்கிவிட்டது. நிரந்தரப் பல் கழன்று விழுந்தால் முடிப்பகுதியில் மட்டும் பிடியுங்கள், மண் இருந்தால் தண்ணீரில் ஒரு அலசு, உடனேயே குழிக்குள் திருப்பி வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஓடுங்கள். வெளியே காய்ந்தபடி ஒரு மணித்தியாலம் போனால் நார்க்கலங்கள் செத்துவிடும். பாற்பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் கருவைக் குத்திவிடும்.

உங்கள் மகளுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? டைட்டேனியம் திருகாணி வைத்துப் பல் கட்டுகிறார்களே, அதைச் சுவீடனில் பிரோனெமார்க் என்ற வைத்தியர் 1965இல் முதல் ஆளுக்கு வைத்து வழிகாட்டினார். நல்ல சிகிச்சைதான். ஆனால் அந்தத் திருகாணிக்கு நார்ப்படை இல்லை. எலும்போடு நேரே இறுகிவிடும். வளரும் பிள்ளையின் தாடை கீழே இறங்கி வளரும்போது, மற்றப் பற்கள் நார்களில் தொங்கிக்கொண்டே கூட வரும். திருகாணி மட்டும் போட்ட இடத்திலேயே நின்றுவிடும். பதினான்கு வயதில் அழகாக வைத்த பல், இருபதில் பக்கத்துப் பல்லை விட மேலே குட்டையாகத் தெரியும். அதனால் வளர்ச்சி முடியும் வரை, குறைந்தது பதினெட்டு வயது வரை, பெண் பிள்ளை என்றாலும் பொறுக்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் அந்த இடத்தின் எலும்பைக் காப்பாற்றுவது யார்? ஆடாமல் நிற்கிற அந்தப் பாற்பல்தான். அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

பிறப்பிலேயே நார்களில் தொங்கும் பல்லை வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்கப் பல் மாற்றிக்கொள்ளும் விலங்கு ஒன்று நம் வாவியிலேயே கிடக்கிறது. முதலையின் பல் நம்முடையது போலவே குழிக்குள் நார்ப்படையோடு நிற்கும். அதன் உறவான அலிகேற்றரை 2013இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பல்லையும் வாழ்நாளில் ஐம்பது தடவை வரை மாற்றக்கூடியது என்று கண்டார்கள். ஒவ்வொரு பல்லுக்குக் கீழேயும் அடுத்த பல்லின் கரு, அதற்கும் கீழே குருத்துக் கலங்களை வைத்திருக்கும் அந்தப் பழைய வரம்பு. நமக்கு நிரந்தரப் பல் தொடங்கியதும் அந்த வரம்பு துண்டு துண்டாகக் கலைந்துவிடுகிறது. அம்பாறை வயலில் இறங்குகிற யானைக்கோ வேறு ஏற்பாடு: தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கடைவாய்ப் பற்கள், பின்னாலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக முன்னே தள்ளிக்கொண்டு வரும். ஆறாவது தேய்ந்தால் யானைக்குச் சாப்பாடு முடிந்தது.

கலங்களிலிருந்தே பல்லைச் செய்ய முடியாதா என்றால், எலியில் செய்துவிட்டார்கள். யப்பானில் சுஜி தக்காஷியின் குழு, எலி முளையத்தின் இரண்டு இழையக் கலங்களையும் தனித்தனியாகப் பிரித்து, கொலஜன் களிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்கருவை உருவாக்கும் முறையை 2007இல் வெளியிட்டது. 2009இல் அப்படிச் செய்த கருவை வளர்ந்த எலியின் தாடையில் நட்டார்கள். முளைத்தது, எதிர்ப் பல்லோடு பொருந்திக் கடித்தது, நார்ப்படையும் வந்தது, வலியும் உணர்ந்தது. சிக்கல் எங்கே என்றால் அந்தக் கலங்கள் முளையத்திலிருந்து எடுத்தவை. மனிதருக்கு அப்படி எடுக்க முடியாது. வளர்ந்தவரின் கலங்களில், முக்கியமாகத் தோல் பக்கத்துக் கலங்களில், அந்த ஆரம்பப் பேச்சைத் திரும்பக் கற்பிப்பதுதான் இன்னும் தீராத வேலை.

இங்கேதான் உங்கள் உறவினர் சொன்ன வங்கி வருகிறது. விழுந்த பாற்பல்லின் கூழில் குருத்துக் கலங்கள் இருப்பது உண்மை, 2003இல் காட்டினார்கள். அடுத்த வருடம் நார்ப்படையிலும் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அவை அடியிழையப் பக்கத்துக் கலங்கள். எனாமல் செய்யும் பக்கம் அவற்றில் இல்லை. உங்கள் மகளின் பாற்பல்லை உறையவைத்து வைத்தால் அதிலிருந்து அவளுக்குப் பல் செய்து தரும் சிகிச்சை இன்று எங்கேயும் இல்லை. வருடா வருடம் கட்டுகிற காசை ஓதோடொன்ரிஸ்ட்டுக்கு, அதாவது பல் சீராக்கல் நிபுணருக்கு, வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கூரையில் எறியுங்கள், அணில் கட்டணம் கேட்காது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அரச வைத்தியசாலையில் பல் சீராக்கல் நிபுணருக்கு ஒரு கடிதம் வாங்கி, இந்த வருடத்துக்குள் காட்டுங்கள். இரண்டு வழி சொல்வார். ஒன்று, வேட்டைப் பல்லை முன்னே இழுத்து இடைவெளியை மூடி, அதைச் சின்ன வெட்டும் பல் போலச் செதுக்கி ஒட்டுவது. மற்றது, இடத்தைத் திறந்து வைத்து, வளர்ச்சி முடிந்ததும் பல் கட்டுவது. கடி எப்படிப் பொருந்துகிறது, வேட்டைப் பல்லின் வடிவமும் நிறமும் எப்படி, சிரிக்கும்போது முரசு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத்தான் முடிவு. முதல் வழி பொருந்துகிற பிள்ளைக்கு அதையே நான் விரும்புவேன், ஏனென்றால் அவளுடைய சொந்த நாரில் தொங்குகிற பல் அது. அந்த வழியை எடுத்தால் பாற்பல்லை எப்போது எடுப்பது என்றும் அவரே சொல்வார். அதற்கு முன், இடம் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று யாரும் பிடுங்க வந்தால் விடாதீர்கள். இரண்டு வேளையும் புளோரைட்டுப் பற்பசையால் துலக்கச் சொல்லுங்கள். பாற்பல்லில் சூத்தை விழுந்தால் உடனே அடைத்துவிடுங்கள், எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விடவேண்டாம்.

கீழே ஒரு மகன் இருக்கிறான், ஆறு வயது என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு இப்போது எக்ஸ்ரே வேண்டாம். எட்டு வயதளவில் ஒன்று எடுத்துப் பாருங்கள். அந்த வயதில் மேல் வெட்டும் பல்லின் கரு இருந்தால் தெளிவாகத் தெரியும். இரண்டாம் முன்கடைவாய்ப் பல் மட்டும் சில பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் இறுகும். அது தெரியவில்லை என்றால் உடனே இல்லை என்று முடிவு கட்டாமல் இன்னொரு வருடம் பார்க்கச் சொல்லுங்கள்.